‘தி டே பிரிட்டன் ஸ்டாப்டு’ (பிரிட்டன் நின்றுபோன நாள்) என்ற தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அப்படி உண்மையிலேயே நடக்குமா, இல்லை சும்மா பயமுறுத்தலா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி நடக்கும், தனித்தனியாக நடந்தும் இருக்கிறது. மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் சண்டை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 2003 மே 13, செவ்வாய்க்கிழமை இரவு பிபிசி டூவில் ஒளிபரப்பானது. இயக்கியவர் கேப்ரியல் ரேஞ்ச், அவரும் சைமன் ஃபின்ச்சும் சேர்ந்து எழுதியது. கதை நடக்கும் நாள் அதே ஆண்டு டிசம்பர் 19, கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி வெள்ளிக்கிழமை. எடின்பரோவில் ஒரு ரயில் விபத்து, அதைத் தொடர்ந்து ரயில் ஓட்டுநர்கள் நாடு முழுக்க ஒரு நாள் வேலைநிறுத்தம், ரயிலில் போகவேண்டிய கூட்டமெல்லாம் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப, லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் விபத்து, வட்டச்சாலை அடைத்துக்கொண்டு நெரிசல் ஊருக்குள்ளும் வெளியிலும் பரவ, ஆயிரக்கணக்கானோர் டிசம்பர் குளிரில் காருக்குள்ளேயே மாட்டிக்கொள்ள, கடைசியில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துப் பக்கம் வானத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்ளும். இவ்வளவும் ஒரே நாளில்.

இதைச் சாதாரண நாடகம் போல எடுத்திருந்தால் யாரும் இத்தனை பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் இவர்கள் ஆவணப்படமாக எடுத்தார்கள். இன்னும் வராத டிசம்பரை நடந்து முடிந்த சம்பவமாக வைத்துக்கொண்டு, உயிர் பிழைத்தவர்கள், அதிகாரிகள், மனைவியை இழந்தவர் என்று ஒவ்வொருவரும் கேமரா முன்னால் உட்கார்ந்து “அன்றைக்கு காலையில் நான்...” என்று நினைவுகூருவார்கள். நடுநடுவே நிஜ அரசியல்வாதிகளின் நிஜச் செய்திக் காட்சிகளைக் கதைக்கு ஏற்றபடி வெட்டிச் சேர்த்திருந்தார்கள். தேதி எதிர்காலத்தில் இருப்பதால் கற்பனை என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை நிறுத்தும்போது அறிவு எங்கே வேலை செய்கிறது?

நான் அப்போது எசெக்ஸில் படித்துக்கொண்டே, எம்25இலிருந்து சற்றுத் தள்ளியிருந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாடகத்தை அறை நண்பர்களோடு பார்த்தேன். அப்புறம் ஒரு வாரம் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி அதைப் பற்றிய பேச்சைக் கேட்டேன். அங்கே வருகிறவர்கள் எல்லாருமே சாலையில் இருப்பவர்கள், அதனால் ஆளுக்கொரு கருத்து. யார் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவரவர் அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் எங்கே மாட்டிக்கொண்டார் என்பதைப் பொறுத்தே இருந்தது. எங்குமே மாட்டாதவர்கள்தான் “சும்மா பீதி கிளப்புகிறார்கள்” என்றார்கள்.

ஏன் மூன்று வருடம் என்று சொல்கிறேன் என்றால், அந்த நாடகத்தில் வரும் துண்டுகள் பெரும்பாலும் 2000க்கும் 2003க்கும் நடுவில் எங்காவது நடந்தவை.

2000 செப்டம்பரில் எரிபொருள் விலையை எதிர்த்து லாரிக்காரர்களும் விவசாயிகளும் சுத்திகரிப்பு ஆலைகளின் வாசலை மறித்தார்கள். சில நாட்களுக்குள் நாட்டின் பெரும்பாலான பங்க்குகள் வறண்டுபோயின. எங்கள் பங்க் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். நாடகம் வந்த மறுநாள் அதைப் பற்றிக் கேட்டபோது, “உது படம்தான் தம்பி, ஆனா நான் அந்தக் கிழமையை இஞ்ச நிண்டு பாத்தனான்” என்றார். அடித்தொட்டியில் கோலை விட்டுப் பார்த்தால் அடியில் ஈரம் மட்டும் இருந்ததாம். வாசலில் கூம்புகளை வரிசையாக வைத்து, அட்டையில் பெட்ரோல் இல்லை என்று எழுதித் தொங்கவிட்ட பிறகும் வண்டிகள் வந்து நின்றுகொண்டே இருந்ததாம். ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஒரு நர்ஸ் வந்து அடையாள அட்டையைக் காட்டி அழுததைச் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. மருத்துவம் போன்ற அவசர வேலையில் இருப்பவர்களுக்கென்று அரசாங்கம் சில பங்க்குகளை ஒதுக்கியிருந்தது, இது அந்தப் பட்டியலில் இல்லை. தினமும் டேங்கர் வரும் என்ற நம்பிக்கையில் ஓடும் தொழில் இது, ஒரு நாள் வராவிட்டால் சமாளிக்கலாம், நாலாவது நாள் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு அந்த நாடகத்தில் மிகையாக எதுவும் தெரியவில்லை.

அது முடிந்த அடுத்த மாதமே, 2000 அக்டோபர் 17ஆம் தேதி ஹாட்ஃபீல்டில் ரயில் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். காரணம் தண்டவாளத்தில் இருந்த மெல்லிய விரிசல்கள், வண்டி போகும்போது அந்தத் தண்டவாளம் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. அதே மாதிரி விரிசல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தண்டவாளங்களுக்குப் பொறுப்பான ரயில்டிராக் நிறுவனத்துக்கே சரியாகத் தெரியாததால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள். நாட்டின் ரயில்கள் மாதக்கணக்கில் ஊர்ந்தன. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஒரு விபத்து முழு வலைப்பின்னலையும் முடக்கும் என்பதற்குக் கற்பனையே தேவையில்லை, அந்தக் குளிர்காலத்தில் ரயிலில் வேலைக்குப் போன எல்லாருக்கும் அது தெரியும்.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள், அவர்களில் நிறையப் பேர் விடுமுறைக்குக் கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். சூரிச் கட்டுப்பாட்டு அறையில் அந்த நேரம் ஒரே ஒருவர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருந்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார், தொலைபேசி இணைப்பில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ரஷ்ய விமானத்தில் இருந்த மோதல் எச்சரிக்கைக் கருவி மேலே ஏறச் சொன்னது, கட்டுப்பாட்டாளர் கீழே இறங்கச் சொன்னார், விமானிகள் அவர் சொன்னதைக் கேட்டார்கள். நாடகத்தில் மாற்று ஆட்கள் சாலை நெரிசலில் சிக்கிக்கொள்ள, இருக்கிறவர்கள் களைத்துப்போய்த் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

கடைசியாக, நாடகம் வருவதற்கு மூன்றரை மாதம் முன்னால், 2003 ஜனவரி 30 மாலை பனி கொட்டியது. எம்11 நெடுஞ்சாலையில் லாரிகள் வழுக்கிக் குறுக்கே நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் விடிய விடிய வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். உப்புத் தூவும் வண்டிகளே நெரிசலில் சிக்கிக்கொண்டால் சாலைக்கு யார் உப்புப் போடுவது? அந்த இரவை எம்11இல் கழித்த ஒரு லாரி ஓட்டுநர் எங்கள் பங்க்கின் வாடிக்கையாளர். ஆங்கிலேயர், அதிகம் பேசமாட்டார். நாடகத்தில் கார்களுக்குள் குளிரில் உறையும் காட்சி வந்ததும் டிவியை அணைத்துவிட்டதாகச் சொன்னார். அதோடு விடவில்லை, ஒரு குறையும் சொன்னார். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வெடுக்கவேண்டும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஓட்டலாம் என்று லாரி ஓட்டுநர்களுக்குச் சட்டம் இருக்கிறது. நெரிசலில் நேரம் தீர்ந்துபோனவன் என்ன செய்வான்? நடுச்சாலையில் நிறுத்தவும் முடியாது, மேற்கொண்டு ஓட்டவும் பயம். பின்னால் பெட்டியில் குளிரூட்டிய இறைச்சி, அதைக் காப்பாற்ற இயந்திரம் ஓடவேண்டும், அதற்கு டீசல் வேண்டும், பங்க்குக்குப் போக வழியில்லை. இதையெல்லாம் படம் காட்டவில்லை, இதுதான் நிஜமான நாசம் என்பது அவர் கருத்து. படம் கூடிப்போச்சு என்று மற்றவர்கள் சொன்ன நேரத்தில் குறைந்துபோச்சு என்று சொன்னவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவர் சொன்னது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

எதிர்த்தவர்களுக்கும் வலுவான வாதம் இருந்தது. என் அறை நண்பன் ஒருவன், மெக்கானிக்கல் படித்தவன், படம் முடிவதற்குள்ளேயே எழுந்துவிட்டான். “காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா எத்தனை தடவைதான் விழும்?” என்றான். வேலைநிறுத்தம், விபத்து, இன்னொரு விபத்து, குளிர், ஆள் பற்றாக்குறை, அதற்கு மேல் விமான மோதல், எல்லாம் ஒரே நாளில் என்றால் கதாசிரியர் இழுத்துக் கட்டியதுதானே என்று கேட்டான்.

அவன் கேட்டதில் பாதியை நான் ஏற்கிறேன். விமான மோதல்தான் நான் மேலே சொன்ன அந்தக் கால்வாசி. விமானக் கட்டுப்பாட்டில் ஆள் குறைந்தால், கருவி கெட்டால், அவர்கள் செய்யும் முதல் வேலை வருகிற விமானங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. புறப்பட வேண்டியதைப் புறப்பட விடமாட்டார்கள். அதனால் அங்கே குளறுபடி என்றால் பெரும்பாலும் ஆயிரக்கணக்கானோர் தரையில் தவிப்பார்கள், வானத்தில் மோதல் நடக்காது. யூபர்லிங்கன் நடந்தது உண்மைதான். ஆனால் அது பரபரப்பில்லாத ஒரு நடு இரவில், யாரும் நெருக்கடி என்றே நினைக்காத நேரத்தில் நடந்தது. சாலை நெரிசலில் தொடங்கி மோதலில் போய் முடியும் அந்தக் கோடு, கதைக்கு ஓர் உச்சம் வேண்டும் என்பதற்காகப் போட்டது என்றே எனக்குப் படுகிறது.

மற்ற பாதியை ஏற்கமாட்டேன். இத்தனை தற்செயல் ஒரே நாளில் எப்படி என்று கேட்பவர்கள், அவை தற்செயலாகச் சேரவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. ரயில் நின்றதால்தான் சாலையில் கூட்டம், கூட்டத்தால்தான் விபத்து, விபத்தால்தான் ஆட்கள் வேலைக்கு வந்துசேரவில்லை. ஒன்று விழுந்தால் அதன் சுமை முழுக்க அடுத்ததன் தலையில் இறங்குகிறது, அந்த அடுத்ததோ சாதாரண நாளிலேயே கழுத்து வரை நிரம்பியிருக்கிறது. எம்25 அப்படித்தான் இருந்தது. கிழக்கே தேம்ஸைக் கடக்க டார்ட்ஃபோர்டில் வடக்கே போக இரண்டு சுரங்கம், தெற்கே வர ஒரு பாலம். பலமான காற்று அடித்தால் பாலத்தை மூடிவிட்டு ஒரு சுரங்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் எங்கள் பங்க் வாசலில் வரிசை நிற்கும், எதுவுமே நடக்காத, வெறும் காற்று மட்டும் அடித்த நாளில்! மிச்சம் மீதி இல்லாமல் திட்டம் போட்டால் அப்படித்தான் ஆகும்.

பார்த்தவர்களின் எதிர்வினையில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று உண்டு. பேசியவர்களில் பலர் “இந்த ரயில்வே சங்கக்காரர்களால் வந்த வினை” என்று முடித்துவிட்டார்கள். கதை வேலைநிறுத்தத்தில் சூடுபிடிப்பதால் பார்க்கிறவர் மனதில் குற்றவாளி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறார். ஆனால் அந்த வேலைநிறுத்தத்துக்கு முன்னால் ஒரு ரயில் விபத்து இருக்கிறதே! நிஜத்திலும் 1997இல் சவுத்ஹால், 1999இல் லாட்ப்ரோக் குரோவ், 2000இல் ஹாட்ஃபீல்ட், 2002இல் பாட்டர்ஸ் பார் என்று வரிசையாக விபத்துகள் நடந்து, லாட்ப்ரோக் குரோவில் மட்டும் 31 பேர் செத்துப்போன நாடு அது. அங்கே நேருக்கு நேர் மோதிய இரண்டு ரயில்களின் ஓட்டுநர்களும் இறந்தார்கள். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவன் பாதுகாப்பு கேட்டால் அவனால்தான் நாடு நின்றது என்று சொல்வது என்ன நியாயம்? படம் அந்தப் பழியை நேரடியாகச் சுமத்தவில்லை, ஆனால் பார்ப்பவர்கள் அங்கே போய் நிற்க வழிவிட்டுவிட்டது. இயக்குநர் அந்த விபத்துக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? நிஜமான 2003 டிசம்பர் 19 வந்தது, போனது, ஒன்றும் ஆகவில்லை. “பார்த்தீர்களா” என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்ட் 28 மாலை, அலுவலகம் விடும் நேரத்தில் தெற்கு லண்டனில் மின்சாரம் போயிருந்தது. அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகத்தான் போனது, ஆனால் சுரங்க ரயிலும் மேல் ரயிலும் நின்று, லட்சக்கணக்கானோர் தவித்தார்கள், பலர் நடந்தே வீடு போனார்கள், ரயில்கள் சீராக இரவாகிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? ஒரு துணை மின்நிலையத்தில் 5 ஆம்பியர் பாதுகாப்பு ரிலே, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்க வைக்கும் கருவி, இருக்கவேண்டிய இடத்தில் 1 ஆம்பியர் ரிலே மாட்டியிருந்தது. அது இருந்தது யாருக்கும் தெரியாது, சுமை கூடிய அன்றைக்குத்தான் அது தன் வேலையைக் காட்டியது. இதை ஒரு நாடகத்தில் வைத்திருந்தால் என் நண்பன் சிரித்திருப்பான்.

இருபது வருடம் கழித்து, 2023இல் அதே ஆகஸ்ட் 28, விடுமுறைத் திங்கட்கிழமை. பிரிட்டனின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் வந்து விழுந்தது. அதில் இரண்டு வெவ்வேறு இடங்களுக்கு ஒரே மூன்றெழுத்துக் குறியீடு, ஒன்று பிரான்ஸில், மற்றது அமெரிக்காவில். கணினி குழம்பி, தவறான வழியைத் தருவதைவிட நின்றுவிடுவது மேல் என்று நின்றது, மாற்றுக் கணினியும் அதே திட்டத்தைப் படித்து அதே மாதிரி நின்றது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் இது: விடுமுறை என்பதால் மூத்த பொறியாளர் வீட்டிலிருந்து பணியில் இருந்தார், முழுதாக நிறுத்தி மறுபடி இயக்கும் வேலையைத் தொலைவிலிருந்து செய்ய முடியாது, அவர் வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆனது. தேவையான ஆள் தேவையான இடத்தில் இல்லை! 2003 நாடகத்தின் மையமே அதுதான். மோதல் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், என் நண்பனின் அந்தப் பாதி வாதம் அன்றைக்கு ஜெயித்தது.

2025 மார்ச் 21 உங்களுக்கே நினைவிருக்கும். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஹேய்ஸில் ஒரு துணை மின்நிலையம் முந்தின இரவு தீப்பிடித்து எரிய, உலகத்தின் நெரிசலான விமான நிலையங்களில் ஒன்று அன்றைய பகல் முழுக்க மூடிக்கிடந்தது. மின்மாற்றியின் ஒரு பாகத்தில் ஈரம் ஏறியிருப்பது 2018இலேயே சோதனையில் தெரிந்திருந்தும் சரிசெய்யப்படவில்லை என்று பின்னால் அறிக்கை சொன்னது. ஏழு வருடம்!

அந்தச் செய்தி வந்தபோது பழைய நண்பர்கள் குழுவில் முதலில் இந்த நாடகத்தின் பெயரைப் போட்டவன், அன்று பாதியில் எழுந்துபோன அதே நண்பன்தான். இப்போது அவன் வேறொரு நாட்டில் மின் பராமரிப்புத் துறையில் இருக்கிறான். வானத்தில் மோதும் பகுதியை அவன் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.

படம் கிடைத்தால் பாருங்கள் என்றுதான் சொல்வேன். விமானக் காட்சிக்காகப் பார்க்காதீர்கள். மதியத்துக்கு மேல், எல்லாரும் இன்னும் கைபேசியில் “கொஞ்சம் லேட் ஆகும், அவ்வளவுதான்” என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த நடுப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். போலீஸ், நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, விமான நிலையம் எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருப்பார்கள், ஆனால் அடுத்தவர் பக்கம் என்ன ஆகிறது என்பது யாருக்கும் தெரியாது. அந்த லாரி ஓட்டுநருக்கும் அந்த இடம்தான் பிடித்திருந்தது.